ஆளுக்கொரு பதில்

என் தங்கை புருஷனும் நானும் திரைத்துணிக் கடையில் கூட்டாளிகள். எங்கள் கடையில் எந்தத் துணியிலும் விலை எழுதி ஒட்டுவதில்லை. ஆளைப் பார்த்துத்தான் சொல்வோம். அதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். உள்ளே வந்தவர் யாரும் முகம் வாடித் திரும்பக் கூடாது என்பான். வாங்காமல் போகிறவரிடமும், "நீங்க பாத்த கலர்தாங்க நல்ல கலர்" என்று சொல்லித்தான் வழியனுப்புவான்.

அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, இன்னும் எவ்வளவு நாள் என்று அவனே கேட்டான். டாக்டரம்மா தயங்கி, "ஆறு மாசம் சொல்லலாம்" என்றார்.

"ஒரு வருஷம்னு போடுங்க டாக்டர். சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒன்பது."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். கடைசிக் கட்டத்தில் என்னென்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நோயாளியே நினைவோடு இருக்கும்போது எழுதித் தர வேண்டும். மொத்தம் மூன்று கேள்விகள். மூச்சுத் திணறினால் தொண்டையில் குழாய் விட்டு இயந்திரத்தில் வைக்கலாமா என்பது மூன்றாவது.

"இந்த மூணாவத அடிச்சிடுங்க, மத்த ரெண்டுக்கும் இப்பவே கையெழுத்து போடறேன்."

"மூணாவதுதான் சார் முக்கியம்."

"அப்ப அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவையும் அதையே சொன்னான். அதற்கடுத்த தடவையும்.

அன்று திரும்பும் வழியில் காரில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், குழாய் மட்டும் போட விட்றாத. வார்டுல ஒருத்தன் கெடக்கறதப் பாத்தேன். அது என்னால ஆகாது."

இவன் இப்படிச் சுற்றி வளைக்காமல் பேசி நான் கேட்டதில்லை. "சரி மாப்ள. தங்கச்சிகிட்டயும் சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லியிருந்தான். என்ன சொன்னான் என்பது, நாலாம் மாதம் ஒரு மத்தியானம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவனை அவசரப் பிரிவில் கிடத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"நேரமில்ல. குழாய் போடலாமா?" என்றார் டாக்டரம்மா.

"வேணாம்" என்றேன் நான்.

"போடுங்க" என்றாள் தங்கை.

"எங்கிட்ட வாய்விட்டுச் சொன்னான்மா."

"எங்கிட்ட மட்டும் சொல்லலையா? எது பாக்கி இருந்தாலும் செஞ்சு பாரு, என்னை விட்றாதன்னு என் கையைப் பிடிச்சு அழுதாரு அண்ணே. நான் பொய் சொல்றேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் வம்பு.

"நினைவு இருக்கு. அவரையே கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

தங்கை முந்திக்கொண்டாள். "ஏங்க, குழாய் போடச் சொல்லட்டுமா?"

அவள் முகத்தைப் பார்த்தான். தலையாட்டினான்.

நான் குனிந்தேன். "மாப்ள, வேணாம்னுதானே சொன்ன?"

என் முகத்தைப் பார்த்தான். அதற்கும் தலையாட்டினான்.

காரில் சொன்னதுதான் நிஜம் என்று என் மனசு அடித்துச் சொன்னது. அவள் மனசும் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கும். இத்தனை வருஷம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவனோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்திருந்தேன். நானும் அவனுக்கு ஒரு வாடிக்கையாளன்தானோ என்று அப்போதுதான் தோன்றியது.

"தெளிவா இல்லன்னா நாங்க போட்டுத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

"அண்ணே, நீ தடுத்து இவரு போயிட்டா, அப்புறம் உன் முகத்துல நான் முழிப்பனா?"

நான் கட்டிலை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு நாளாகிறது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க, அவன் கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். கட்டின மணிக்கட்டைத் தங்கை தடவிக்கொண்டே இருக்கிறாள்.

"அண்ணே, பாரேன், கண்ணத் தொறக்கறாரு!"

திறந்தான். யாரையோ தேடினான். நான் அவன் பார்வை எட்டாத தலைமாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.