தட்சிணாமூர்த்திக்கு எல்லாம் தெரியும்

புஷ்பா குழுவிலிருந்து வெளியேறினாள் என்று கைபேசி காட்டியபோது, நான் தட்சிணாமூர்த்தியாக மாறி ஓர் இருபடிச் சமன்பாட்டை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

என் சொந்தப் பெயர் பார்த்தசாரதி. ஆவடி டேங்க் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாவது எழுதுகிறவர்களுக்காக வாட்ஸ்அப்பில் கணக்குக் குழு ஆரம்பித்தேன். குழுவா அது? பல்கலைக்கழகம்! பட்டாபிராமிலிருந்து பாடி வரை பன்னிரண்டு பேர். ஆனால் கேள்வி போட்டால் மயான அமைதி. எங்கள் தொழிற்சாலை ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு: மந்தமான வரிசையின் நடுவில் ஒரு வேகக்காரனை நிறுத்தினால் மற்ற கைகளும் சூடு பிடிக்கும். பிள்ளைகள் கழித்துப்போட்ட மூன்று கைபேசிகளில் தட்சிணாமூர்த்தி, ரேணுகா, விஜய் என்று மூன்று மாணவர்களைப் பெற்றெடுத்தேன். அறுபத்தேழு வயதில் மூன்று பிரசவம்! தட்சிணாமூர்த்தி நாற்பது நொடியில் விடை போடுவான். ரேணுகா கைதட்டுவாள். பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சோம்பேறிகள் என்று நினைத்தேன். புஷ்பாதான் கடைசி.

மறுநாள் காலை அண்ணனூர் ஸ்டேஷனில், பாடியிலுள்ள கம்பெனிக்குக் கிளம்பியவளைப் பிடித்தேன்.

"இன்னா புஷ்பா, குரூப்ப உட்டுட்டுப் போய்ட்ட?"

"இன்னா சார் பண்றது? மைனஸ் எப்டி பிளஸ் ஆச்சுன்னு கேட்டேன். இது எட்டாங்கிளாஸ் பாடமாச்சேன்னு சிரிச்சாரே தட்சிணாமூர்த்தி சாரு. அதுக்கப்பறம் வாயத் தொறக்கவே வெக்கமா கீது."

தட்சிணாமூர்த்தி பெயரில் அந்தச் சிரிப்புப் பொம்மையைப் போட்ட என் விரல் சட்டைப்பைக்குள் சுருண்டது.

"அவன் நான்தாம்மா. அப்டி ஒரு ஆளே கெடையாது."

"போ சார். எனக்கோசரம் ஏன் பொய் சொல்ற? அவரு படிச்சவரு."

"சரி, பரிட்சைக்கு அப்ளிகேஷன் போட்டியா?"

"நேத்தோட முடிஞ்சிபோச்சு சார். போடல." வண்டி வந்தது. "பத்தாவது இருந்தாத்தான் மிஷின்ல போடுவாங்களாம். எனக்கு தொடப்பம்தான். உடு சார்." ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். குழுவில் என் சொந்தப் பெயரில் எழுதினேன்: 'மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?' மேசைமேல் மூன்று கைபேசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று என் சொந்தக் கைபேசியில் நீல டிக் விழுந்தது.