ஐந்தாவதாக நிற்பவன்

பீரோவுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டு வந்திருந்தார் கல்லூரி முதல்வர் ஃபாதர் தேவசகாயம். அதை ஒரு சிவப்பு நூலில் கட்டி, அமராவதியின் கண்ணெதிரேயே அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"இனிமே அமராவதி வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க வேணாம் ஜோதிலட்சுமி."

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பீரோவுக்கு ஒரே சாவி. அது இருந்தது அமராவதியின் இடுப்பில். அதற்குள் நான்கு முதல்வர்கள் வந்து போய்விட்டார்கள், சாவி இடம் மாறவில்லை. அமராவதி இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சிரித்த முகத்தோடு, "நல்லதாப் போச்சு ஃபாதர், எனக்கும் ஒரு வேலை மிச்சம்" என்றாள்.

கடலூரில் அந்தச் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிக்கு அவள் டைப்பிஸ்டாக வந்தவள். மாடிப்படிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறையிலும் அங்கிருந்த அந்தப் பீரோவிலும் பழைய குரூப் போட்டோக்கள், விழா அழைப்பிதழ்கள், செத்துப்போன சாமியார்களின் மூக்குக் கண்ணாடிகள், முதல் வருஷம் அடித்த வெண்கல மணி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சேர்த்துவை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. தூக்கிப் போடச் சொன்னதை அவள் தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான். அவள் பூசைக்குப் போகிறவளும் இல்லை. பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வருஷத்துக்கு ஒருமுறை திருவதிகைத் தேருக்குப் போவாள். ஆனால் எந்த ஃபாதர் எந்த வருஷம் எந்த மரத்தை நட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எந்தப் போட்டோவைக் காட்டினாலும் முகத்துக்குப் பெயர், பெயருக்கு இனிஷியல், எத்தனை அரியர் என்பது வரை வரும். "இது யாரு அமராவதி?" என்று யாராவது கேட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்குப் பசிக்காது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது அந்த அறையின் தகரம் பறந்துவிட்டது. போட்டோக்கள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொங்கல் லீவு முழுவதும் வீட்டுக்கு ஒழுங்காகச் சமைக்கக்கூட இல்லை அமராவதி. தையல் நூலை நடுவில் விட்டு ஒவ்வொரு போட்டோவாகப் பிரித்து, பரீட்சை ஹாலில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டுக் காயவைத்தாள். முகங்கள் பிழைத்தன. கீழே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் கரைந்துபோயின. அதனால் என்ன, பெயர்கள்தான் அவளிடம் இருக்கின்றனவே.

2012-ல் கல்லூரிக்குப் பொன்விழா. வரலாறு ஒன்று எழுதிப் புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. தன்னைத்தான் கேட்பார்கள் என்று அமராவதி புதுப் பேனா ஒன்றுகூட வாங்கி வைத்திருந்தாள். ஃபாதர் சிதம்பரத்திலிருந்து ஜோதிலட்சுமியைக் கூட்டி வந்தார். முப்பது வயது, சரித்திரத்தில் ஆராய்ச்சி செய்த பெண்.

"எழுதறதுக்குப் படிச்சவங்க வேணும்ல அமராவதி. நீங்க கூட இருந்து உதவி பண்ணுங்க."

நேற்று வந்தவள். அவளுக்கு நான் எடுபிடி.

அந்தப் பெண் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் அமராவதிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தாள். விடிகாலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கட்டிக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கொடுத்தாள். ஃபாதர் விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "ஜோதி வந்தப்புறந்தான் இந்த ரூமுக்கே உயிர் வந்துருக்கு." அப்படியென்றால் இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருந்தது பிணமா? அமராவதி தன் டிபன் பாக்ஸைத் திறந்து, தன் புளிசாதத்தை யாருக்கும் கொடுக்காமல் தின்றாள். அந்தப் பெண்ணை அவள் 'மேடம்' என்றே கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தில் இருந்த குத்தல் ஜோதிலட்சுமிக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், 2003-04 வாலிபால் அணிப் போட்டோ வந்தது. எட்டுப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஜோதிலட்சுமி நோட்டை விரித்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றாள். அமராவதி இடமிருந்து ஒவ்வொருவராகச் சொன்னாள். நான்கு பேர் வரை ஒழுங்காகத்தான் வந்தது. ஐந்தாவது தமிழ்வேந்தன், ஆறாவது அரவிந்தன். அவளுக்கு அது தன் பெயரைப்போலத் தெரியும்.

"அஞ்சாவது அரவிந்தன். ஆறாவது தமிழ்வேந்தன்."

நாக்கு தானாகப் புரண்டது என்று பிற்பாடு தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். பொய். யோசித்துத்தான் சொன்னாள். இந்த இரண்டு பையன்களும் எந்தப் பழைய மாணவர் கூட்டத்துக்கும் வந்ததில்லை, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. புத்தகம் வரட்டும். வந்த அன்றைக்கே ஃபாதர் காதில் போட வேண்டும். மே மாதம் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தபோது, "ஒரு தடவ பாத்துடுங்கக்கா" என்று ஜோதிலட்சுமி அதைக் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பத்தேழாம் பக்கத்தை அமராவதி மேலும் கீழும் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், உதவியவர்கள் பட்டியலில், ஃபாதர் அவள் பெயரைச் செராக்ஸ் கடைக்காரருக்குக் கீழே போட்டிருந்ததையும் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றாள்.

ஆகஸ்டில் விழா. பந்தலின் ஓரத்தில் புத்தக மேஜைக்கு அமராவதியைப் போட்டிருந்தார்கள். மேடையில் ஜோதிலட்சுமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தாள் அமராவதி. சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். 'ஃபாதர், நாப்பத்தேழாம் பக்கத்துல பேரு மாறியிருக்கு, கவனிச்சீங்களா?' அவர் திகைப்பார். 'நீங்க இல்லன்னா இந்தத் தப்பு அப்படியே நின்னுருக்கும் அமராவதி' என்பார். இதை வீட்டில் அரிசி களையும்போதுகூட எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மேஜை முன்னால் ஒரு அம்மாள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கையில் மஞ்சள் பை.

"ஏம்மா, பந்தாட்டம் ஆடுன புள்ளைங்க போட்டோ இதுல இருக்குதுன்னாங்க."

அமராவதி பார்க்காமலே பக்கத்தைத் திருப்பினாள். அந்த அம்மாள் தேடவில்லை. விரல் நேராகப் போய் ஐந்தாவது பையன்மேல் நின்றது.

"இவந்தாம்மா. எம் புள்ள, தமிழ்வேந்தன். என் பேரு குப்பு, கிள்ளைப் பக்கம் எங்க ஊரு. படிப்ப முடிச்சிட்டு எட்டு மாசம் வூட்ல இருந்தான். சுனாமி அன்னிக்கிக் காலையில வலையப் பாத்துட்டு வரேன்னு போனவன்தான். அலையில வூடும் போச்சி. அவன் போட்டோ, சர்டிபிகேட்டு, ஒண்ணு மிச்சமில்ல. இவன் மூஞ்சியப் பாத்து எட்டு வருசம் ஆவப்போவுது."

எந்தக் கூட்டத்துக்கும் வராத பையன். மரம் நட்ட வருஷமெல்லாம் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது. அவன் பேரு எதுன்னு காட்டு, தொட்டுப் பாத்துக்கறேன். பேத்தி நாலாவது படிக்கறா. இடத்துலேர்ந்து எண்ணி எண்ணி அவளே எல்லாரு பேரையும் படிச்சிக் காட்டுவா."

அமராவதி அவள் விரலைப் பிடித்து, தமிழ்வேந்தன் என்று அச்சாகியிருந்த இடத்தில் வைத்தாள். அவன் பெயர்தான், பொய்யில்லை. ஆறாவதாக இருந்தது. சின்னப் பெண் வீட்டில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணப் போகிறாள். ஐந்தில் வேறு பெயர் வரும்.

பொன்னாடையோடு ஜோதிலட்சுமி பின்னால் வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். போட்டோவை எண்ணினாள், பெயர்களை எண்ணினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நான் மாத்தி எழுதிட்டேன் போலக்கா. இந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

ஃபாதரும் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார். "நல்ல வேளை அமராவதி, நீங்க இங்க இருந்தீங்க. நீங்க இல்லன்னா இந்தத் தப்பு அப்படியே நின்னுருக்கும்."

எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தைகள்.

ஜோதிலட்சுமி பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து, எங்கே தவறினோம் என்று தாள்களைப் புரட்டத் தொடங்கியிருந்தாள்.

"நீ தப்பா எழுதல ஜோதி" என்றாள் அமராவதி.

புரட்டிய கை நின்றது. ஜோதிலட்சுமி நோட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அமராவதியைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை. ஃபாதர், "என்ன, என்ன சொல்றீங்க?" என்றார்.

அமராவதி தன் புதுப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி ஒரு வளைகோடு போட வேண்டும். இந்தப் பிரதியில், பிறகு மேஜைமேல் அடுக்கியிருந்த அத்தனையிலும். ஆனால் குப்பு அந்தப் பெயரின்மேலிருந்து விரலை எடுக்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றையும் தடவிக் கடைசிக்குப் போய், மறுபடி முதலிலிருந்து தடவினாள். திறந்த பேனாவோடு அமராவதி அந்த விரல் நகரக் காத்திருந்தாள்.