பார்க்காமல் விட்ட பதினொரு அணைகள்

அண்ணன் என்னிடம் கடைசியாகக் கேட்டது நீளக் குடையை. மழைதான் இல்லையே என்றேன். புதரைத் தட்டிக்கொண்டு நடக்க என்றார். விடுமுறை நாளில் எந்தப் புதர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

"பார்க்கலைன்னு எழுதிக் குடுத்த அணையைத் திருட்டுத்தனமா போய்ப் பார்க்கறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்ணா."

சும்மா காற்று வாங்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அளவு நாடாவைப் பைக்குள் போட்டார். பேருந்து நிலையத்துப் பலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அணைப் பாதுகாப்புப் பிரிவில் அண்ணன் ஒருவர்தான் ஆய்வாளர். அணைகள் நூற்று நாற்பத்துமூன்று. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கசிவு'. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சுவரில் ஈரம் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இன்னும் இரண்டு ஆய்வாளர் வேண்டும் என்று வருடம் தவறாமல் எழுதுவார். ஒருவரே எல்லா அணைகளையும் பார்த்து முடித்திருப்பதால் கூடுதல் ஆள் தேவையில்லை என்று நிதித் துறை வருடம் தவறாமல் பதில் போடும். பயணத்துக்கு ஒதுக்கிய பணம் ஒன்பதாம் மாதமே தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அண்ணனின் சட்டைப்பைதான் நிதித் துறை.

தலைமை எழுத்தர் ஒருநாள் வீட்டுக்கே வந்து வழி சொன்னார். இழுக்கிற மாட்டின் மேல்தான் பாரம் ஏற்றுவார்கள், இந்த வருடம் கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினொரு அணைகளை விட்டுவிட்டு, 'ஆள் பற்றாக்குறையால் பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். எந்தப் பதினொன்று என்று முடிவு செய்ய அண்ணனுக்கு மூன்று வாரம் பிடித்தது. வீட்டில் யாரைப் பட்டினி போடலாம் என்று கேட்டதுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுதிக் கொடுத்தார். அடுத்த விடுமுறையிலிருந்தே காற்று வாங்கக் கிளம்பிவிட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு அவர் பையைத் திறந்தேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. பதினொரு அணைகளும் அதில் இருந்தன. ஒன்பதாவது பக்கத்தில் மட்டும் அடிக்கோடு: 'கரையின் அடிவாரத்தில் ஈரம், ஒரு பாய் அகலம். நீர் தெளிவு. அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும். கலங்கினால் உள்ளே மண் அரிக்கிறது, ஆபத்து.'

அந்த அடுத்த வாரத்துக்குத்தான் குடை கேட்டிருக்கிறார்.

துக்கம் கேட்க வந்த எழுத்தர் நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கோப்பு மேலே போயிருக்கிறது, பதினொன்று விடுபட்டதைப் பார்த்து இந்த முறை அசைந்திருக்கிறார்கள், இரண்டு ஆள் கிடைத்த மாதிரிதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த நோட்டு வெளிய வந்தா, எல்லாத்தையும் பார்த்தாச்சேன்னு கோப்பை மூடிருவாங்கக்கா. பத்து வருஷமா அண்ணன் கேட்டது இது. ஒரு மாசம் பொறுத்துக்கலாமே?"

அண்ணன் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை நானே கெடுக்க வேண்டுமா என்று எனக்கும் இருந்தது. ஆனால் அந்த அணைக்குக் கீழே வீடுகள் இருந்தன.

"ஒரு மாசம் பொறுக்கச் சொல்லி அந்த ஈரத்துக்கிட்ட யார் போய்ச் சொல்றது? நீங்களா, நானா?"

அவர் நோட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். ஈரம் இரண்டு பாய் ஆகியிருந்தது, நீர் கலங்கியிருந்தது. மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். அடிவாரத்தில் மணலும் சரளையும் அடுக்கி அழுத்தினார்கள். கீழே இருந்த வீடுகளில் அன்றைக்கும் வழக்கம்போல் துணி காய்ந்ததாம்.

நிதித் துறையின் கடிதம் வந்ததும் எழுத்தர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். முதல் பத்தி முழுக்க அண்ணனுக்குப் பாராட்டு. எனக்கே கண் கலங்கும்படி எழுதியிருந்தார்கள். இரண்டாம் பத்தி: மறைந்த அலுவலர் விடுமுறை நாட்களில்கூட எஞ்சிய அணைகளைத் தனியாளாகவே பார்த்து முடித்துள்ளார், எனவே கூடுதல் ஆள் தேவையில்லை. எழுத்தர் கடிதத்தை மடித்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணன் நாற்காலிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரியாம். அணைகள் நூற்று நாற்பத்துமூன்று, ஆய்வாளர் ஒருவர்.