இரண்டு இடத்தில் பிடிக்கிறது

அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தபோது அது பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கைகளாலும் தொங்காத குறையாக இழுத்த பிறகுதான் அசைந்தது. அதற்குள் மருத்துவமனை வாகன நிறுத்தத்தின் தூண், காரின் கதவில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டது.

மாலையில் கணவன் அந்தக் கோட்டின் முன் குந்தி உட்கார்ந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

"வெண்ணெய் மாதிரி திரும்புது. உனக்குக் கையில பலம் பத்தலம்மா, அவ்வளவுதான்."

அவள் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து மாலைவரை, இறுகிப்போன தோள்களை அசைத்துக்கொடுப்பதும், பக்கவாதத்தில் விழுந்த ஆண்களைத் தூக்கி நிறுத்தி நடக்கவைப்பதும்தான் வேலை. அதில் பாதிப் பேர் அவளைப்போல இருமடங்கு கனம். இதையெல்லாம் சொல்லலாம்தான். சொன்னால், "அது வேற, இது வேற" என்பான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனதும் அவன்தான். முதல் தடவை, டயரில் காற்று கம்மி என்று அடித்துக் கொடுத்தார். அடுத்த தடவை ஸ்டியரிங் ஆயிலை மாற்றினார். "மேடம் ஓட்டப் பழகணும் சார்" என்று அவர் சொன்னதை, வீட்டுக்கு வந்து ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒப்பித்தான்.

"எப்பவும் இறுகாதுங்க. வண்டி நல்லா சூடான பிறகுதான். நீங்க ஆறிப்போன வண்டியத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வந்து தீர்ப்பு சொல்றீங்க."

"சூட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்..."

"போதும்."

விடுமுறை நாளொன்றில் அவனுடைய அக்கா வீட்டுக்கு இருவரும் போய்விட்டுத் திரும்பும்போது, பாதி வழியில் காரை ஓரமாக நிறுத்தி இறங்கிக்கொண்டாள். "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே இடம் மாறினான். அடுத்த ரவுண்டானாவில் சிரிப்பு நின்றது. வண்டி வளையாமல் நேராக நடைபாதையை நோக்கிப் போயிற்று. கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் பின்னால் துள்ளினாள். அவன் பிரேக்கின்மேல் ஏறி நின்றான். காதோரம் வியர்வை வழிந்தது. இனி என்ன சொல்லுவான் என்று காத்திருந்தாள்.

"எவன்டா இந்த ரோட்டப் போட்டான்?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, பற்றிக்கொண்டு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கிப்போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "எந்திரிங்க" என்றாள். அவன் எழுந்தான். அங்கிருந்து நேராக மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனாள்.

"என்ன சார், மறுபடியுமா?" என்றார் மெக்கானிக்.

"ஓட்டுறது நான். என்கிட்ட கேளுங்க."

"சரி, சொல்லுங்க மேடம்" என்றார், அவனைப் பார்த்தபடி.

அவள் இன்ஜினை அணைக்கவில்லை. "உக்காருங்க. கையை வைங்க. மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்துங்க. கண்ணை மூடிக்கோங்க." தோள் பிடித்துக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரல். "எங்க புடிக்குது?"

அவர் சுற்றினார். "இங்க... விட்டுடுச்சு. மறுபடி இங்க." கண்ணைத் திறந்தார். "ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ!"

டார்ச்சுடன் வண்டிக்குள் தலைகீழாக நுழைந்தார். ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் கம்பியின் ஜாயின்ட், துருவேறிக் கெட்டித்துக் கிடந்தது. இன்ஜின் சூடு பட்டதும் இன்னும் இறுகுகிறது. இப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டிருக்கும் என்றார். அதையும் அவனிடம்தான் சொன்னார்.

புது ஜாயின்ட் மாட்டி முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பட்டறை வாசலில் அவன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "கம்பியோட ஜாயின்ட்டு, அக்கா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு..."

அவள் காரில் ஏறினாள். ஒற்றை உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள், ஸ்டியரிங் ஓடிவந்தது. முற்றத்தில் நின்ற பழைய வண்டிகளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாள். வாசல் பக்கம் வந்தபோது, ஏறிக்கொள்ள வசதியாக அவன் ஓரடி முன்னால் வந்து கையைத் தூக்கினான். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

அவள் நிறுத்தவில்லை. இன்னொரு வட்டத்துக்கு ஸ்டியரிங்கை ஒடித்தாள்.