வாங்கி வைக்கலாம்

வெர்னா ப்ரூயிட் சட்டசபைக் கமிட்டி முன்னால் போய்ப் பேசியது அது ஏழாவது வருஷம். ஒவ்வொரு மார்ச் மாதமும், மலைச்சாலையில் பனி முழுதாக உருகுவதற்குள், நானும் அவளும் என் காரில் இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு தலைநகரத்துக்குப் போவோம். என் பெயர் கோரா ஹென்ஷா. வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களுக்காக வழக்காடும் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஒஹையோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், டெலாப் மாவட்டத்தில், அந்த அலுவலகத்துக்கு நான் ஒருத்திதான் வக்கீல்.

வெர்னாவுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவளுடைய மகள் டியானாவுக்கு வழக்காடியது நான்தான். அடிக்கிற புருஷனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டோம். நீதிபதி உடனே ஆணை கொடுத்தார். புருஷன் கர்ட்டிஸ் அவள் பக்கமே வரக்கூடாது, தன்னிடம் இருக்கும் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. யாரிடம் ஒப்படைப்பது, எத்தனை நாளைக்குள், யார் போய் வாங்குவது என்பது மட்டும் இல்லை. எங்கள் மாநிலச் சட்டத்திலேயே அது இல்லை. அண்ணனிடம் கொடுத்துவிட்டேன் என்றான் கர்ட்டிஸ். நீதிமன்றமும் சரி என்றது. பதினோராம் நாள் அண்ணன் வீட்டுக் கொட்டகையிலிருந்து துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், டியானா வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரி வாசலில், அவள் காரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சுட்டான். அவளுக்கு முப்பத்தொன்று. அவன் இனி சிறையிலிருந்து வெளியே வரமாட்டான்.

எங்கள் மசோதா ஒன்றரைப் பக்கம்தான். இப்படிப்பட்ட ஆணை வந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், மாவட்டம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவரான ஷெரிஃப் நேரில் போய்த் துப்பாக்கிகளை வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு வருஷமும் அது கமிட்டியைத் தாண்டவில்லை.

பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். மேஜை மேல் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரியும், மஞ்சளாகும், சிவப்பாகும். அந்த வருஷம் வெர்னா பேசி முடித்தபோது விளக்கு இன்னும் மஞ்சளாகவில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "மொதல் வருஷம் நாலு நிமிஷம் இருந்தாலும் பத்தாம இருந்துச்சு, கண்ணு. இப்ப ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சிடுது. அவளப் பத்தி சொல்ல எனக்கு வேற ஒண்ணுமே இல்லாத மாதிரி."

எதிர்த்தரப்பில் துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் மூன்று வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேரை முகம் பார்த்தே தெரியும். ஒரு அம்மாள் வருஷா வருஷம் வெர்னாவுக்கு இருமல் மிட்டாய் கொடுப்பாள், பிறகு எழுந்துபோய் மசோதாவை எதிர்த்துப் பேசுவாள். அன்றும் அப்படித்தான்.

கமிட்டியில் ஒரு உறுப்பினர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இந்தச் சட்டம் இருந்திருந்தால் உங்கள் மகள் உயிரோடு இருந்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? போன வருஷம் வரை அந்தக் கேள்விக்கு வெர்னா அழுதிருக்கிறாள். இந்தத் தடவை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"முடியாதுங்க. சட்டம் இல்லாம செத்துட்டாங்கறதத்தான் உறுதியா சொல்ல முடியும்."

அவர் குறித்துக்கொண்டார். வேறு கேள்வி இல்லை.

மத்தியானம் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வெர்னா கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கமிட்டித் தலைவர் லாயிட் பென்ரோஸின் உதவியாளர் ஒரு தாளோடு வந்தார். மசோதாவைக் கமிட்டியைத் தாண்ட விடத் தலைவர் தயார், ஒரே ஒரு சொல்லை மாற்றினால். 'வாங்கி வைக்க வேண்டும்' என்று இருப்பது 'வாங்கி வைக்கலாம்' என்று ஆக வேண்டும். சம்மதம் என்றால் எங்கள் தரப்பில் நான் சாயங்காலத்துக்குள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தாளைக் கசக்கி எறியத்தான் தோன்றியது. ஏழு வருஷ உழைப்பின் உயிரே அந்த 'வேண்டும்' தான். நகரத்திலிருந்து எங்களோடு சேர்ந்து போராடும் அமைப்புக்குத் தொலைபேசினேன். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பைக் கையில் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். வெர்னாவிடம் சொன்னேன்.

அவள் சாண்ட்விச்சின் மீதியைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "நம்ம ஷெரிஃப் இத்தன நாளா என்ன சொல்லிட்டிருக்காரு?"

"தனக்கு அதிகாரம் இல்லன்னு."

"லாம்னு எழுதிட்டா?"

"அப்ப அதிகாரம் இருக்கும். ஆனா செஞ்சாகணும்னு கட்டாயம் இருக்காது, வெர்னா. அவரு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

"அவரு கைய நான் பாத்துக்கறேன். அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு என்னால இனிமே இந்த ரோட்டுல வர முடியாது, கோரா. முட்டி தாங்கல. கையெழுத்துப் போடு."

போட்டேன். மசோதா கமிட்டியைத் தாண்டியது, இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. மே மாதம் ஆளுநர் நாற்பது சட்டங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்திட்டார். கையெழுத்து விழாவுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. நகரத்து அமைப்பு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

ஷெரிஃப் டுவேன் ஷல்ட்ஸ் கெட்டவர் இல்லை. வெர்னாவின் கணவர் ஹாலிஸும் அவரும் இருபது வருஷமாக நவம்பரில் ஒரே முகாமில் தங்கி மான் வேட்டையாடுகிறவர்கள். வெர்னா செவ்வாய்க்கிழமைதோறும் அவர் அலுவலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு போவாள். அவர் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னார். ஆள் இல்லை. அடுத்த வருஷம் தேர்தல். போகிற இடத்தில் என் காவலர் பையன்களைச் சுட்டால் யார் பதில் சொல்வது. இந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும் வெர்னா, அதே வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாளே என்றாளாம். அதற்கப்புறம் அவர் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம் அவர் பிடித்துக்கொண்ட காரணம், வாங்கினால் வைப்பதற்கு இடமில்லை என்பது.

ஹாலிஸ் இந்த விஷயத்தில் எதிலும் கலந்துகொண்டதில்லை. டியானாவுக்கு முதன்முதலில் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மகள் போனபிறகு வேட்டைக்குப் போவதை விடவில்லை, ஆனால் முகாமில் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி. சட்டசபைக்கு அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. இடமில்லை என்ற பதிலை வெர்னா சாப்பாட்டு மேஜையில் சொன்னபோதும், அவர் அவரைக்காயைப் பரிமாறிக்கொண்டேதான் இருந்தாராம்.

அடுத்த செவ்வாய் காலை நானும் ஷெரிஃப் அலுவலகத்தில் இருந்தேன். ஹாலிஸின் பிக்கப் வண்டி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. அவரோடு வேட்டை முகாம் ஆட்கள் மூன்று பேர். பின்னால் கம்பளியில் சுற்றி, ஆள் உயரத்துக்கு, அவர் தன் துப்பாக்கிகளை வைத்திருந்த இரும்புப் பெட்டி. நாலு பேரும் பலகை போட்டு உருட்டி இறக்கினார்கள். ஷெரிஃப் வெளியே வந்து பார்த்தார்.

"இதுல இருபத்தினாலு வைக்கலாம், டுவேன்," என்றார் ஹாலிஸ். "எங்க போடணும்?"

"ஒன்னோடது எல்லாம் எங்க வெச்சே?"

"ரெண்டு வெச்சிருக்கேன். மீதிய முகாம் ஆளுங்களுக்குக் குடுத்துட்டேன். எங்க போடணும், சொல்லு. முதுகு வலிக்குது."

ஷெரிஃப் பெட்டிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு பழைய ஆவண அறையைத் திறந்துவிடச் சொன்னார். வெர்னா பின்னலைக் கீழே வைக்கவே இல்லை. ஹாலிஸ் அவள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போனார்.

முதல் ஆணை செப்டம்பரில் வந்தது. இரண்டு காவலர்கள் அன்றைக்கே போனார்கள். அந்த மனிதன் வாயில் வந்ததெல்லாம் திட்டினான், ஆனால் ஐந்து துப்பாக்கிகளையும் கொடுத்தான். நானும் வெர்னாவும் ஓட்டலுக்குப் போய் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம். ஏழு வருஷத்தில் நாங்கள் எதையாவது கொண்டாடியது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் கழித்து, ஆணை கேட்டிருந்த அவன் பெண்டாட்டியே நீதிமன்றத்துக்கு வந்து, ஆணை வேண்டாம், சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தாள். ஐந்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். வெர்னாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"சரி," என்றாள். "மூணு வாரம் வீட்டுல துப்பாக்கி இல்லாம தூங்கியிருக்கா."

ஒரு வருஷத்தில் பதினாலு வீடுகளிலிருந்து வாங்கினார்கள். பெட்டி நிறைந்து இன்னொன்று வைத்தார்கள். ஷெரிஃப் தேர்தலில் நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைச் சுடவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் யாரும் சுடவில்லை என்பதால் இதை நான் எங்கும் சொல்லிக்கொள்ள முடிவதில்லை. அந்தப் பதினாலு வீட்டில் எந்த வீடு தப்பித்தது, எந்த வீட்டில் எப்படியும் ஒன்றும் நடந்திருக்காது என்று யாருக்கும் தெரியாது. நடக்காத ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள்?

எங்கள் மாநிலத்தில் இப்படி இன்னும் எத்தனையோ மாவட்டங்கள். மற்ற எல்லா இடத்திலும் 'லாம்' என்பது 'வேண்டாம்' என்றே இருக்கிறது. பக்கத்து மாவட்ட ஷெரிஃபுக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

போன புதன்கிழமைதான் அது. வழியெல்லாம் மழை. ஒன்பதே முக்காலுக்கு அந்த அலுவலகத்து எதிரில் காரை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் வெர்னா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முட்டியில் கட்டியிருந்த பட்டி நழுவிக் கணுக்காலுக்கு வந்திருந்தது. பேச வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி மடியில் வைத்திருந்தாள்.

எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வாள் என்று ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் தோளைத் தொட்டேன்.

"எந்த ஊரு இது?" என்றாள்.

சொன்னேன். பட்டியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.