கதவோரத்து சீட்

ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று தெற்கே ஒரு சுற்றுப் போய்வந்த டூர் பஸ், காலையில் தர்மபுரிக்கு வந்து பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் நின்றது. சங்கு, பாசிமணி, பனங்கற்கண்டு, கடல் தண்ணீர் பிடித்த பாட்டில் என்று அள்ளிக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். பச்சியப்பனும் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி தீர்த்தம்மாள் மட்டும் கதவுக்கு அடுத்த ஜன்னல் சீட்டைவிட்டு அசையவில்லை.

அதே பஸ் அன்று சாயங்காலமே மறுபடி கிளம்புகிறது. இந்தத் தடவை மைசூர், தர்மஸ்தலா, உடுப்பி, கொல்லூர். அதிலும் அவர்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லியாயிற்று. சொன்னது தீர்த்தம்மாள்தான். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஈரத்தலையோடு நின்றுகொண்டு, "அடுத்த டூருக்கும் நம்ம பேரு குடுத்துட்டன்" என்று அவள் சொன்னபோது பச்சியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாய்திறந்து இது வேண்டும் என்று கேட்காதவள். சரி, சாமி கும்பிட ஆசைப்படுகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் ஊர்க் காற்று பட்டதும் அவருக்குக் கால் நிற்கவில்லை. காரிமங்கலம் தாண்டி இரண்டு கல் நடந்தால் வீடு. அவரைச் செடிக்கு மருந்து அடிக்க வேண்டிய நாள் போய்க்கொண்டிருந்தது. மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான்தான், இருந்தாலும் அவன் கறக்கிற லட்சணம் அவருக்குத் தெரியும்.

"ஒரு எட்டு வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம் வா," என்று ஜன்னலுக்குக் கீழே நின்று கூப்பிட்டார். "சாயங்காலந்தான பஸ்ஸு. காட்டப் பாத்துட்டு, நல்ல தண்ணியில குளிச்சிட்டு வரலாம்."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல."

"இங்க உக்காந்து என்னா பண்ணப்போற? பஸ்ஸக் கழுவப்போறானுங்க."

"கழுவட்டும். வூட்டுக்குள்ள காலு வெச்சன்னா அப்புறம் நான் கெளம்ப மாட்டன். எனக்குத் தெரியும்."

அந்த நேரத்தில்தான் டூர் மேனேஜர் கோவிந்தன் வந்தான். வாயில் வெற்றிலை, கையில் சாவிக்கொத்து.

"அம்மா, சாயங்காலம் நீங்க கடைசி சீட்டுங்க. இந்த எடம் மாரண்டஹள்ளிக்காரங்களுக்கு. அவங்க முன்னாடியே சொல்லிவெச்சது. நீங்க நடுவுல சொன்னீங்க, நான் என்னா பண்றது?"

"கடைசி சீட்டுல ஜன்னல் உண்டா?"

"நடுவுல வரும்மா. காத்து நல்லா வரும்."

"எனக்குக் காத்து வாணாம். இந்த எடந்தான் வேணும்."

"டூர்ல அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"அப்பன்னா கதவு பக்கமா வேற ஏதாச்சும் ஜன்னல் குடுங்க. அந்தப் பக்கம் வாணாம். ரோட்டோரம் கடை தெரியற பக்கம்."

தீர்த்தம்மாள் இத்தனை பேசி பச்சியப்பன் பார்த்ததில்லை. பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டித் தள்ளியபோதுகூட அவள் வாசலுக்கு வரவில்லை. ஒரு சீட்டுக்காக அயலான் எதிரில் இப்படி மல்லுக்கு நிற்கிறாளே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "சின்னப் புள்ளையாட்டம் ஜன்னலுக்குச் சண்டை போடறியே," என்று அதட்டினார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கோபத்தோடு பஸ் நிலையத்துக்கு நடந்தார். காரிமங்கலம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வரவில்லை. இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். பாதியில் அணைத்துவிட்டு மறுபடி ஏறினார். தனியாக வீட்டுக்குப் போய் நின்றால் தம்பி பெண்சாதி என்ன கேட்பாள், ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசனை ஓடியது. மறுபடி இறங்கினார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவர்கள் டூர் பஸ் டிரைவர் அப்துல் ரஷீத், கையில் பன்னோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே, ஏறி ஏறி எறங்கறீங்க?"

"வூட்டுக்குப் போலாம்னு பாக்கறன் பாய். அவ வரமாட்டேங்கறா. ஜன்னல் சீட்டுக்காவ மேனேஜர்கிட்ட நிக்கறா நிலையா. இந்த வயசுல வேடிக்க பாக்கற ஆச."

ரஷீத் பன்னை டீயில் நனைத்தவர் அப்படியே வைத்துவிட்டார். "அது வேடிக்க பாக்கலண்ணே. உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்னாது?"

"சொல்லக் கூடாதுன்னுதான் அக்கா சொல்லுச்சு. ஆனா நீங்க இப்படிப் பேசறப்ப எனக்கு மனசு கேக்கல." ரஷீத் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பஸ்ஸு எங்க நின்னாலும் அக்கா மொதல்ல எறங்குது. சாப்புட்டுக் கை கழுவற சாக்குல ஓட்டலுக்குப் பின்னாடி, சமையக்கட்டுப் பக்கம் போவுது. மதுரையில என்னான்னு கேட்டன். உங்க பையன் ஏதோ ஒரு கோயில் ஊர்ல ஓட்டல்ல இருக்கறான்னு யாரோ பாத்துட்டு வந்து சொன்னாங்களாம். எந்த ஊருன்னு சொன்னவனுக்கே சரியாத் தெரியல. அதான் இந்தப் பக்கம் முடிச்சிட்டு அந்தப் பக்கம் பாக்குது. வண்டி ஓடறப்ப ஜன்னல்ல ஒவ்வொரு ஓட்டலாப் பாத்துக்கிட்டே வரும். நான் கண்ணாடியில பாப்பன், கண்ண மூடவே மூடாது."

பச்சியப்பன் நின்றபடியே இருந்தார். மகன் அர்ச்சுனன் பிளஸ் டூவில் தவறிய மறுநாள் விடியற்காலையில் காணாமல் போனவன். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் பெங்களூர், ஓசூர் எல்லாம் ஆள்விட்டுத் தேடினார். பிறகு, போனவன் போகட்டும், அந்தப் பேச்சை இனி வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் எடுக்கவில்லை. தீர்த்தம்மாளும் எடுக்கவில்லை. அவள் மறந்துகொண்டு வருகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார்.

காரிமங்கலம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைதானத்துக்கு நடந்தார்.

பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் இறங்கி, ஒரு வேப்பமர நிழலில் மூட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எழுந்து போய்ச் சோடா வாங்கி வந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"வூட்டுக்குப் போவல?" என்றாள்.

"இல்ல."

வெயில் சாயத் தொடங்கியதும் புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீடியோ ஓடுமா, என்ன படம் என்று கோவிந்தனைச் சுற்றிக்கொண்டார்கள். கதவோரத்து சீட்டுக்கு உரியவர் கிருஷ்ணப்பன், மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கூடவே அவர் மனைவி செல்லம்மாள், முட்டிவலிக்குத் துணி சுற்றிய காலோடு, படியில் மெதுவாக ஏறினாள். ஏறி உட்கார்ந்து காலை நீட்டியதும் அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது பச்சியப்பனுக்குக் கேட்க நா எழவில்லை. கடைசி சீட் வரை போனார். மூட்டையை வைத்தார். திரும்பி முன்னால் வந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்த எடத்த எங்க வூட்டு அம்மாவுக்குக் குடுக்க முடியுமா?"

"அது எப்படிங்க? இவளால பின்னாடி உக்கார முடியாது. தூக்கிப் போடும்."

"தெரியுதுங்க." பச்சியப்பன் துண்டைக் கையில் எடுத்து முறுக்கினார். சுற்றிலும் ஆட்கள் பை வைத்துக்கொண்டும் தலைகளை எண்ணிக்கொண்டும் இருந்தார்கள். "எங்க பையன் வூட்ட வுட்டுப் போய்ட்டான். அர்ச்சுனன்னு பேரு. ஏதோ ஊர்ல ஓட்டல்ல இருக்கறானாம். அவதான் தேடறா. கடையெல்லாம் தெரியற மாதிரி உக்காந்தாத்தான் பாக்க முடியும். அதான்."

பையும் கையுமாக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி சீட்டருகே நின்றிருந்த தீர்த்தம்மாள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பேரை அவர் வாயால் கேட்டு அவளுக்கு வெகு நாளாயிற்று.

செல்லம்மாள்தான் முதலில் வாய்திறந்தாள். கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழில், "அந்த அம்மா எங்கூட ஜன்னல்கிட்ட உக்காரட்டும். எனக்கு காலு நீட்ட இந்தப் பக்கம் போதும். நீங்க பின்னாடி போங்க," என்றாள். கிருஷ்ணப்பனுக்கு அது ரசிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய், பச்சியப்பன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மைசூர் வரை இருவரையும் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. கிருஷ்ணப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மைசூரில் இட்லி சாப்பிட்டு எழுந்ததும் அவரே கல்லாக்காரனிடம் போய்க் கன்னடத்தில் கேட்டார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், உயரமானவன், இடது புருவத்தில் தழும்பு. இல்லை என்றான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் கேட்டார். செல்லம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். ஹாசனில் வீடியோப் பிரியர் ஒருவர் தானாகவே இரண்டு ஓட்டலில் விசாரித்துவிட்டு வந்து, இல்லையாம் என்று சொன்னார். பச்சியப்பன் எல்லார் பின்னாலும் போனார். எங்கேயும் அவரால் முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

உடுப்பியில் ஒரு சமையல்காரர் சொன்னார். அந்த மாதிரி ஒரு பையன் குந்தாபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறான், முன்னே தன்னிடம்தான் வேலை பார்த்தான்.

குந்தாபுரத்தில் பஸ் நிற்க வேண்டிய இடமில்லை. ரஷீத் ஓட்டலுக்கு எதிரே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு பானெட்டைத் தூக்கி வைத்தார். "சூடாயிருச்சு, ஆறணும்," என்றார். கோவிந்தன் என்ஜினைப் பார்த்தான், ரஷீத்தைப் பார்த்தான், வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிட்டான்.

தீர்த்தம்மாள் ஓட்டலுக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே, ஒரே கையில் நாலு காபி டம்ளரைக் கோத்துப் பிடித்தபடி அர்ச்சுனன் மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தான். மீசை வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் டம்ளர்களை யாரோ ஒருவர் எதிரில் வைத்துவிட்டு வந்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவே இல்லை.

"எப்படி வந்தீங்க?" என்று பின்னால் நின்ற அப்பாவைக் கேட்டான்.

"டூரு," என்றார் பச்சியப்பன்.

அவன் தலையைக் குனித்துக்கொண்டான். "உடனே வர முடியாதுப்பா. இங்க கல்யாண சீசன். மொதலாளி ஊர்ல இல்ல," என்றான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"மொதலாளி வர்ற வரைக்கும் நான் இங்கியே இருக்கறன்," என்றாள் தீர்த்தம்மாள்.

பச்சியப்பன் பஸ்ஸுக்குப் போய் மூட்டையை இறக்கினார். "கொல்லூர் பாக்கலியா?" என்றாள் செல்லம்மாள். பார்க்கவில்லை என்றார். கிருஷ்ணப்பன் கடைசி சீட்டிலிருந்து எழுந்து முன்னால் வந்து, மனைவி பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினார். ரஷீத் பானெட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தார்.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. அம்மாவுக்கு மகன் தோசை கொண்டுவந்து வைத்தான். அவள் தோசையைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சியப்பனுக்கும் ஒரு தட்டு வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டவர், மென்று முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். சாலையைக் கடந்து பஸ் நிலையத்துக்குள் போய், கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் பெங்களூருக்கு எப்போதெல்லாம் பஸ் இருக்கிறது என்று தமிழிலேயே கேட்டார்.

எத்தனை பேர் என்று அந்த ஆள் விரல்களைக் காட்டிக் கேட்டார்.

பச்சியப்பன் ஓட்டல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்று விரலைக் காட்டினார்.