காலிக் கடைக்கு ஒரு சான்று

இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஓர் எழுத்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொய்யென்றால் இதைச் சொல்கிற நாக்கு இந்த இடத்திலேயே அழுகட்டும்.

பழைய கடைத்தெருவில் கீல்கடைக்காரருக்கு முப்பத்தோரு வருடக் கடை. கதவுக் கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, திருகாணி, அவ்வளவுதான் வியாபாரம். எட்டடி அகலம். உள்ளே இரண்டு பேர் வந்துவிட்டால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கீல்கடைக்காரருக்குக் காதுதான் எதிரி. தெருக்கோடியில் ஒரு கதவு கிரீச்சென்றால் இங்கே அவருக்குப் பல் கூசும். யாரும் கூப்பிடாமலே எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்பார். ஒருமுறை துக்க வீட்டுக்குப் போனவர், வாசற்கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

அந்தத் தெருவைத் தூக்கி நிறுத்துவதென்று மாநகராட்சி முடிவு செய்தது. சலுகைத் திட்டம் ஒன்று வந்தது. தொடர்ந்து ஒரு வருடம் காலியாகக் கிடந்த கடையில் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முகப்பு மாநகராட்சிச் செலவில். ஐந்து வருடம் வரி கிடையாது. கட்டட உரிமையாளருக்குத் தனியாக ஊக்கத்தொகை.

கீல்கடைக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

"நாங்க ஏற்கனவே இருக்கிறவங்க. எங்களுக்கு என்ன சார் உண்டு?"

"கடை ஓடுதா?" என்றார் அதிகாரி.

"ஏதோ ஓடுது சார்."

கைவிட்ட நோயாளியைப் பார்க்கும் வைத்தியர்போல அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "அங்கதான் சிக்கல். ஓடுற கடையை நாங்க எப்படித் தூக்கி விடுறது? ஒரு தடவையாவது நொடிச்சுப் போயிருந்தீங்கன்னா ஏதாவது பண்ணலாம்."

"தெரியாம இருந்துட்டேன் சார்."

அவர் திரும்பி வருவதற்குள் கட்டட உரிமையாளர் கடைவாசலில் காத்திருந்தார்.

"அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை நிறைய உண்டு. ஆனா நீங்க இருக்கிறது எனக்கு நட்டம். நீங்க போயி, கடை ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தாதான் எனக்கு ஏதாவது வரும்."

"நானே போயி, நானே திரும்பி வந்தா?"

உரிமையாளர் காதைக் குடைந்துகொண்டு யோசித்தார். "அண்ணி பேர்ல வாங்க. ஒரு வருஷம் காலின்னு சான்று வந்துட்டா கடை உங்களுக்குத்தான். வரலையா, காபிக்கடைக்காரன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அன்று சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"முப்பத்தோரு வருஷம் உங்களோட குப்பை கொட்டினது போதாதா? இப்ப கடை வேற என் பேர்லயா?" என்றாள் அவள். "சரி, முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம் மோர் ஊத்துங்க."

மறுநாள் கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு போட்டார். முன்பாதி காலி. சரக்கெல்லாம் பின்பாதிக்குப் போனது. வியாபாரம் பின்கதவு வழியாக, குப்பைத்தொட்டிச் சந்தில். யோசனை நல்ல யோசனை என்பதால் ஒரே வாரத்தில் திருட்டுப் போனது. தையற்காரர், பாத்திரக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் என்று நாற்பது கடையும் முன்னால் செத்துப் பின்னால் பிழைத்தன. முன்தெருவில் நாய்கூடப் படுக்கவில்லை. அதுவும் சந்துக்கு வந்து, மிதிபட்டாலும் பரவாயில்லையென்று கூட்டத்தோடு கிடந்தது.

சான்று சும்மா கிடைக்காது. நகக்கண் அளவு தூசி வேண்டும், ஒட்டடை வேண்டும். துணிக்கடைக்காரரின் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. சேர்ந்த தூசியை வாரா வாரம் பெருக்கிவிட்டு, புருஷன் தலையிலடித்துக்கொண்ட பிறகு முறத்தோடு கொண்டுவந்து திரும்பத் தூவுவாள். மாவுமில்காரர் மில்லில் கழித்த மாவைத் தூவிப் பார்த்தார். எறும்பு வந்தது, பார்வையிட வந்த அதிகாரி 'குடியிருப்பு உண்டு' என்று எழுதிவிட்டுப் போனார். சிலந்தி பற்றாக்குறையாகி, மாநகராட்சி நூலகத்திலிருந்து டப்பாவில் பிடித்துவர வேண்டியிருந்தது. கீல்கடைக்கு வந்த சிலந்தி மூன்று நாள் ஏக்கத்தில் பட்டினி கிடந்தது. நாலாம் நாள் மனதைத் தேற்றிக்கொண்டு கட்ட ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அந்த வலையில் ஒரு குருவி மாட்டியது.

"அத்தான், உங்க கடையைப் பார்த்தா எனக்கே அழுகை வருது," என்றான் மச்சினன். "அவ்வளவு தத்ரூபம்."

முந்நூற்று அறுபத்தாறாம் நாள் காலை அதிகாரி அளவுகோலோடு வந்தார். கூடவே கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். ஏனென்றால் அதற்கு முன் திறந்த கடைகளில் ஷட்டர்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. தையற்காரர் ஷட்டர் ஏறியபோது எழுந்த ஓலத்தில் மரத்திலிருந்த காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. அவருக்கு அந்த இடத்திலேயே கையெழுத்து கிடைத்தது.

கீல்கடை வாசற்படியில் தூசியை அளந்தார் அதிகாரி. சரி. ஷட்டர் இடுக்கில் டார்ச் அடித்து வலையைப் பார்த்தார். சரி. ஷட்டரைத் தூக்குவதுதான் பாக்கி. கடப்பாரை ஆட்கள் களைத்துப் போயிருந்ததால், உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு அவரே குனிந்து கைப்பிடியைப் பற்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்தார்.

சத்தமே இல்லை. பூப்போல ஏறியது ஷட்டர். கைப்பிடியை விடாத அதிகாரியும் அதோடு ஏறி, பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் காலாட்டியபடி தொங்கினார்.

கீல்கடைக்காரரின் மனைவி மெதுவாகத் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை விடியக்காலைல நடக்கப் போறேன்னு போவீங்களே..."

"நடந்துதான் வந்தேன்," என்றார் அவர். "குப்பி பையில இருந்துச்சு. அது உள்ளே துருப்பிடிக்குதுன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல."

"புது ஷட்டர்னு சொல்லுங்கண்ணே," என்று உரிமையாளர் காதோரம் கிசுகிசுத்தார். "நேத்துதான் மாட்டினேன்னு சொல்லுங்க. நானும் ஆமாங்கிறேன்."

அதைச் சொல்லத்தான் கீல்கடைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மேலே தொங்கிய அதிகாரி ஷட்டர் ஓடும் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதுக்கு எண்ணெய் போட்டது? என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்ல!" என்றார்.

முப்பத்தோரு வருடத்தில் கீல்கடைக்காரரை யாரும் பாராட்டியதில்லை. சத்தம் போடும் கதவைத்தான் ஊர் கவனிக்கும். போடாத கதவை யார் நினைக்கிறார்கள்?

"நான்தான் சார்," என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துகூட இருந்தது. "வாரம் தவறாம."

அதிகாரி குதித்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினார்.

மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சான்று வந்தது. கையில் சான்று வந்த கட்டட உரிமையாளர்கள், கூடுதல் வாடகை தருகிற புது ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். சான்று கடைக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை என்பதை அதுவரை யாரும் படித்துப் பார்த்திருக்கவில்லை. பின்சந்தில் நடந்தது ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. ஒரு வருடம் தத்ரூபமாகச் செத்துக் காட்டியவர்களுக்கு, அதற்குப் பிறகு பெரிய சிரமம் எதுவும் இருக்கவில்லை.

கீல்கடை இன்னொரு வருடம் பூட்டிக் கிடந்தது. இந்த முறை யாரும் எண்ணெய் விடவில்லை. பிறகு காபிக்கடை வந்தது. முகப்பை மாநகராட்சியே பழைய கடைபோல் கட்டிக் கொடுத்தது. கீல்கடைக்காரரின் சரக்கைக் கிலோ கணக்கில் வாங்கிச் சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டினார்கள். எந்தக் கீலிலும் எந்தக் கதவும் இல்லை.

சலுகையில் ஒரு நிபந்தனை: தெருவின் பழைய ஆள் ஒருவருக்கு வேலை தர வேண்டும். கீல்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். காலையில் ஷட்டரைத் திறக்க வேண்டும். மாலையில் மூட வேண்டும்.

முதல் நாள் அது அலறியது. அவர் பைக்குள் கையை விட்டார்.

"பெரியவரே, அதைத் தொடாதீங்க," என்றான் காபிக்கடைக்காரன். "வர்றவங்களுக்கு அந்தச் சத்தம்தான் பிடிச்சிருக்கு. வீடியோ எடுக்கிறாங்க."

தினமும் இரண்டு முறை அதைத் தூக்கி இறக்கினார். வீட்டில் மனைவி சாப்பாடு போட்டால், பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறதென்று கஞ்சியாகக் கேட்டார். "முதலாளியம்மா கையால கஞ்சியா?" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கரைத்துக் கொடுத்தாள்.

எதையும் குறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்: மாநகராட்சி அந்தச் சலுகைத் திட்டத்தை முதன்முதலில் அறிவித்த அன்றே, அந்தத் தெரு முழுவதும் இடிக்கப்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நாக்கு இன்னும் அழுகவில்லை.